கழுத்தெலும்பு

பல் அசலா போலியா என்று பார்க்க ஓர் ஊசியும் தீப்பெட்டியும் போதும், ஐயா. பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால், வார்த்துச் செய்த பல் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். கல்லாகிப் போன பல் ஒன்றும் ஆகாது. மொராக்கோவில் எங்கள் கூரிப்காவில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையெழுத்து வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

ஹம்மாதி தோண்டி எடுத்த, கல்லாகிப் போன கடல்பல்லித் தலையும் அப்படித்தான் என் மேசைக்கு வந்தது. வாங்கியவர் பெல்ஜியத்து வாத்தியார் ஒருவர். லர்பி, அதாவது நான், அசல் என்று எழுதித் தந்தால்தான் பெட்டியில் வைப்பேன் என்று சொல்லிவிட்டார்.

ஹம்மாதி பாஸ்பேட் மேட்டில் கிணறு மாதிரிக் குழி இறக்கி, அடியில் பக்கவாட்டில் குடைந்து எலும்பு எடுப்பவன். நல்ல கை. வாய்தான் சரியில்லை. ஆறு வருடத்துக்கு முன், வாரச்சந்தையில், நான் அசல் என்று எழுதிக் கொடுத்த ஒரு தாடையை எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டான். பூசியிருந்த மண் கரைந்து பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"என்ன லர்பி அண்ணே, உங்க பல்லிக்கு அதுக்குள்ள வயசாயிருச்சா? பல்லெல்லாம் கொட்டுது."

சந்தையே சிரித்தது. என் மச்சான்களும் சிரித்தார்கள். அப்புறம் பல நாள், டீக்கடையில் என்னைக் கண்டால் யாராவது தம் பல்லை ஆட்டிப் பார்ப்பார்கள். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

தலையைப் பார்த்தேன். ஊசி ஒன்றும் செய்யவில்லை. பல்லின் வேர் தாடைக்குள் இறங்கி அதோடு ஒன்றாகியிருந்தது. யாராலும் அப்படிச் செய்ய முடியாது. கால் மணி நேரத்தில் அசல்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஹம்மாதியைக் கூப்பிட்டனுப்பினேன்.

"பின்மண்டை வேற மிருகத்தோடது மாதிரி இருக்கே, ஹம்மாதி."

"என் கையால எடுத்ததுண்ணே. எதையும் ஒட்டல."

"அப்ப இதோட சேர்ற கழுத்தெலும்பு குழியிலயே இருக்கணுமே?"

"இருக்கு. சுவத்துல பாதி தெரியுது. ஆனா மூணு நாளா மழை. மண்ணு தண்ணி குடிச்சுக் கெடக்கு. ஒரு வாரம் காயட்டும்ணே."

"வாத்தியார் நாளைக்குக் கிளம்புறார். எலும்பு வரலன்னா போலின்னுதான் எழுதணும். சந்தையில நாலு பேர் கேட்டா நான் மறைக்க முடியாது."

கொடுத்த தேநீரைத் தொடாமல் எழுந்தான். "போலின்னு மட்டும் எழுதிராதீங்க. மத்தியானத்துக்குள்ள கொண்டாறேன்."

நானும் இருபது வருடம் குழியில் இறங்கியவன். நனைந்த சுவரில் உளி பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். அவன் மேலே ஏறி வரக்கூடாது என்றுதான் அனுப்பினேன். இதை வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

மத்தியானம், குழி சரிந்துவிட்டது என்று ஆள் ஓடி வந்தது. நானும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். மாலைத் தொழுகை நேரத்தில் அவனை மேலே தூக்கினார்கள். எலும்பை நெஞ்சோடு பிடித்திருந்தான். விரல்களை நான்தான் பிரித்தேன். அவர்கள் அவனை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவன் மனைவி ராபியாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. நான் கடைக்கு வந்து எலும்பைக் கழுவி, மண்டைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் அசல் என்று எழுதினேன்.

சோதிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை நான்.