வலப்பக்கத்துக் குரல்

ஒரு மனுஷனுடைய குரலுக்கு என்ன விலை என்று கேட்டால் எங்கள் கடைத்தெருவில் எவனும் கொஞ்சம் யோசிப்பான். நான் யோசிக்க மாட்டேன். முக்காலணா. வாழ்நாளில் நான் பேரம் பேசாமல் வாங்கிய சரக்கு அது ஒன்றுதான்.

போதகர் ஐயா, நீங்கள் இந்தச் சபைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸ் வருகிறது, பாடகர் குழுவில் ஆளையே காணோமே, என்ன நடந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் குட்டை. உட்காருகிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

பெங்களூர் பட்டாளத் தண்டில் மூன்று தலைமுறையாக ஜவுளி விற்கிற வீட்டுப் பிள்ளை நான். எட்டு ரூபாயில் தொடங்கி ஐந்தில் முடித்து, எதிராளியை ஏமாற்றிவிட்டோம் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டு சிரித்தபடி பிரிவார்கள், அதுதான் எங்கள் வியாபாரம். அப்பா கெஜக்கோலைப் பிடித்தால் கட்டைவிரலும் சேர்ந்து அளக்கும். ஏறக்குறைய, கிட்டத்தட்ட, போனால் போகட்டும், இவைதான் வீட்டில் புழங்கிய வார்த்தைகள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. அணுவளவும் பிசகாத ஏதோ ஒன்று எங்கேயாவது இருக்க வேண்டுமே என்று தேடினேன். பாட்டில் கிடைத்தது. சுருதியோடு யாரும் பேரம் பேச முடியாது.

அதற்குப் பிறகு நான் எப்பேர்ப்பட்ட இம்சையாகிப்போனேன் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். வேறு ஆட்கள் சொன்னால் அரைகுறையாகச் சொல்வார்கள். ஒரு காற்புள்ளிக்காக என் கல்யாணப் பத்திரிகையை மறுபடி அச்சடிக்கப் போய், கல்யாணமே தள்ளிப்போயிற்று. நான் நடத்தும் பாடகர் குழுவுக்கு என் மனைவி யூனிஸ்தான் ஹார்மோனியம். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்ததில், பாவம், தூக்கத்திலும் அவள் விரல்கள் போர்வைமேல் ஓடும். எனக்கோ தூக்கமே கிடையாது. பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் விண்டுபோயிற்று. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். சரியாக எடுக்கிறேனா என்ற கவலையில் உடம்பு இன்னும் மோசமானது.

இவ்வளவு பாடுபட்டும் குழுவில் ஒரு பிசகு இருந்தது. கீர்த்தனையின் உச்சத்தில், எல்லாக் குரலும் கூடும் இடத்தில், ஏதோ ஒரு குரல் நூலளவு இறங்கும். அது எப்போதும் என் வலது காதுப் பக்கமாகவே கேட்கும். என் வலப்பக்கம் நின்றவன் சில்வெஸ்டர், பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதன். சீமைக்குத் திரும்பும் துரைமார்களின் மேஜை நாற்காலிகளை ஏலம் விடும் கம்பெனியில் கூவுகிற வேலை அவனுக்கு. அவன் ‘ஒரு தரம்’ என்றால் பரேடு மைதானத்துக் குதிரை காதை விடைக்கும். அந்தத் தொண்டையை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. மனைவியும் மூன்று பெண்களும்.

போன வருஷம் மதராஸிலிருந்து ஒரு கிராமபோன் கம்பெனிக்காரர் வந்து எங்கள் கீர்த்தனையைத் தட்டில் பதியப்போவதாகச் செய்தி வந்தது. கோயிலில் பாடுகிற பிசகு காற்றோடு போய்விடும். தட்டில் ஏறிய பிசகு போகாது. பயிற்சியின்போது சில்வெஸ்டரிடம் நயமாகவே கேட்டேன்.

“சில்வு, அன்னிக்கு ஒரு நாள் வாயை மட்டும் அசைடா.”

“ஏன்டா, நான் என்ன ஏலத்துக்கு வந்த பொம்மையா? என் பொண்ணுங்க அந்தத் தட்டுல அப்பன் குரலைத் தேடுங்கடா. இத்தினி இறங்கினா என்ன இப்போ? ஆண்டவர் உங்கப்பா கெஜக்கோலை வச்சுக்கினா கேக்கறாரு?”

“அப்போ இறங்குதுன்னு ஒத்துக்கறே.”

“இறங்குது வாத்தியாரே, இறங்குது. என்னுதா உன்னுதா, அது மட்டும் கேக்காதே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாடகக் கம்பெனிக்காரர்கள் எங்கள் கடையில்தான் ஜரிகைத் துணி எடுப்பார்கள். போட்டிப் பாட்டுக்காரனின் தொண்டையை அடைக்க வெற்றிலைக்குள் சிந்தூரம் வைப்பதை அவர்கள் தமாஷாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். சிந்தூரம் சித்தப்பாவின் சாயக் கடையில் இலவசம். பீடா காலணா. நான்கு நாள் தொண்டை கட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

முதல் பீடாவுக்கு மறுநாள் சில்வெஸ்டர் கரகரவென்று பாடினான். கரகரப்பிலும் கொஞ்சம் குரல் மிச்சமிருந்தது. வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. இரண்டாவது கொடுத்தேன். காய்ச்சலில் படுத்தான். பார்க்கப் போனபோது மூன்றாவதையும் எடுத்துப் போனேன். “நீ ஒருத்தன்தான்டா என்னைத் தேடி வந்தே” என்று வெறும் காற்றாகச் சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். என் வேலைகளில் எதையும் நான் மெச்சியதில்லை, ஐயா. அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. குரல் திரும்பவே இல்லை.

ஏலக் கம்பெனி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தது. இப்போது அங்கேயே நாற்காலிகளுக்கு மெருகு போடுகிறான், கால் சம்பளம். மூத்தவள் ஜூடித் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையலுக்குப் போகிறாள்.

தட்டு வந்தது. வீட்டில் வைத்துக் கேட்டேன். உச்சத்தில், அதே இடத்தில், அதே நூலளவு. ஊசியை மாற்றினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். மழைக்காலம் முடியும் வரை காத்திருந்தேன். கடைசியில் மெஷினையே மாற்றினேன். யூனிஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதுங்க. அது உங்க குரல்.”

“உனக்குக் காது சரியில்ல.”

“கல்யாணமான நாளா கேக்கறேன். உங்களுக்குச் சளி புடிச்சு வெறும் கையை ஆட்டினீங்களே, அன்னிக்குத்தான் பாட்டு பாட்டா இருந்தது. சில்வெஸ்டர் அண்ணனுக்கும் தெரியும். தனியா இறங்கினா நீங்க ஒடிஞ்சுபோயிடுவீங்கன்னு, உங்ககூடவே அவரும் இறங்கிப் பாடுவாரு. அவரே எங்கிட்ட சொன்னாரு.”

வேலை அதிகமானால் நல்ல காதும் கெட்டுவிடும். பாவம், ஓய்வு எடுக்கட்டும் என்று கோலாரில் அவள் அண்ணன் வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டேன். அவள் இன்னும் கடிதம் எழுதவில்லை. பிசகு மட்டும் நிற்கவில்லை. யாராவது ஒருவர் செய்தால்தானே அது வரும். ஒவ்வொருவராக விசாரித்தேன், ஒவ்வொருவராக அனுப்பினேன். சிலர் அழுதார்கள். அழுத குரலிலும் சுருதி சரியில்லை.

ஆக, நீங்கள் கேட்ட கணக்கு, குரல்வாரியாக, இதுதான், ஐயா. சொப்ரானோ, ஒருவருமில்லை. ஆல்ட்டோ, ஒருவருமில்லை. ஹார்மோனியம், பூட்டியிருக்கிறது. பேஸ், சில்வெஸ்டர் ஒருவன். சனிக்கிழமை தவறாமல் வந்து என் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் வாயை அசைக்கிறான். டெனர், நான் ஒருவன். பிசகு, ஒன்று. அது யாருடையது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.