தூக்கியவன் நகரக் கூடாது

"ஹலோ… ஹலோ! ஒட்டன்சத்திரமா? … காய்கறி மண்டிங்களா? … ஆமாங்க, திண்டுக்கல்லுல இருந்துதான். கிதர் முகம்மதுவக் கூப்பிடுங்க… ஆமா ஆமா, பட்டாளத்துல இருந்து வந்திருக்காரே, அவருதான்… வெளிய இருக்காரா? செத்த சீக்கிரமாக் கூப்பிடுங்களேன், டிரங்கால் போட்டிருக்கேன்…"

தபாலாபீசின் தொலைபேசிக் கூண்டுக்குள் சகாயராணி டீச்சர் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மறுமுனையில் யாரோ வெங்காய மூட்டைகளை எண்ணி எண்ணி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அறுபத்துமூன்றாம் வருஷத்துத் தை மாதம் அது. அவளுடைய தம்பி ராயப்பராஜ், சீனாக்காரனோடு சண்டை நடந்த வடக்கு எல்லையில் இருந்தான். தீபாவளிக்குப் பிறகு அவனிடமிருந்து கடுதாசி இல்லை. கிறிஸ்துமஸும் போயிற்று, பொங்கலும் போயிற்று. பட்டாளத்திலிருந்தும் ஒரு தகவல் வரவில்லை.

முந்தாநாள் ஒரு கவர் வந்தது. உள்ளே தம்பியின் கையெழுத்து, நவம்பர் பத்தாம் தேதி போட்டிருந்தது. மேலே விலாசம் மட்டும் வேறு கையெழுத்து. அனுப்பியவன் தம்பியோடு பட்டாளத்தில் இருந்த கூட்டாளி கிதர் முகம்மது; கவரின் பின்பக்கம் ஒட்டன்சத்திரம் மண்டியின் விலாசம் இருந்தது. அவன், 'ராயப்பன் நன்றாக இருக்கிறான்' என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த எழுதாத வரிதான் இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

கடுதாசியில் இருந்ததோ விளையாட்டுச் சட்டம். பட்டாளத்துக்குப் போகும் முன்பு ராயப்பன் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவன். மிஞ்சிய பித்தளையை உருக்கி விரல் உயரச் சிப்பாய்கள் வார்த்து வைத்திருந்தான். ஆளுக்கு நாற்பது சிப்பாய், புத்தகங்களை அடுக்கினால் மலை, தாயக்கட்டையை உருட்டினால் சண்டை. சாப்பாட்டு மேசையில் அக்காளும் தம்பியும் கட்டிப் புரளாத குறை. 'பழைய சட்டமெல்லாம் ரத்து. இங்கே புளியங்கொட்டை உயரத்தில் ஆள் செய்து, எங்கள் பேரைக் கீறி, டிரங்குப் பெட்டி மூடியில் ஆடுகிறோம். நீயும் புதிதாக ஆரம்பி' என்று எழுதியிருந்தான்.

"…கிதரா? நான் சகாயராணி பேசுறேன்ப்பா. ராயப்பனோட அக்கா… ஆமா… ஆமா, கடுதாசி வந்துச்சு… நல்லாருக்கோம், அம்மாவும் நல்லாருக்கு. நீ எப்பிடி இருக்க? … தொடையிலயா! குண்டா? … சேசுவே. இப்ப நடக்குறியா? … கம்பு ஊனித்தான்… சரி, சரி. அம்புட்டுத் தூரம் போயி உசுரோட வந்தியே, அது போதும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உயிரோடு வந்தவனிடம் வராதவனைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் இதுதான். வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். கேட்க வந்ததை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. சகாயராணி விளையாட்டைப் பற்றிக் கேட்டாள்.

"இல்ல கிதரு… அந்தப் புதுச் சட்டம் சரியா விளங்கலை. அதான் ஒன்னைக் கேக்கலாம்னு… ஆமா, வெளையாட்டுக்குத்தான் டிரங்கால். சிரிக்காத… சிரிக்கலையா? சரி. ஆளுக்குப் பத்துப் பேருதானா? … ம்… பழைய பித்தளை ஆளுகளையே வச்சு ஆரம்பிக்கலாமா? … ஓ, சின்ன ஆளா இருந்தாத்தான் மூடிக்குள்ள அடங்கும்… ஆமா ஆமா, ஒரு தடவைக்கு மூணு தீக்குச்சி தூரம், அது புரிஞ்சிருச்சு. அடிபட்டவன் வெசயந்தான் கொழப்பம். முந்தியெல்லாம் அடிபட்டா பிஸ்கோத்து டப்பாவுல போட்டுருவோம், சோலி முடிஞ்சது. இப்பப் படுக்க வைக்கணுமாமே? … ம்… கூட்டாளி ஒருத்தன் பக்கத்துல போயி நிக்கணும்… அதுக்குப் பேருதான் தூக்குறதா… தாயம் விழுந்தா அவன் எந்திரிச்சு ஓடலாம்… மூணு ஆட்டம் வரைக்கும் யாரும் தூக்கலைன்னா அப்பத்தான் டப்பா… ம்."

கூண்டின் கண்ணாடிக்கு வெளியே கிளார்க் கண்ணுசாமி, முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். டிரங்கால் போட்டுத் தாயம் பற்றிப் பேசுகிற டீச்சரை அவர் தம் சர்வீசில் பார்த்ததில்லை.

"நாலாவது சட்டந்தான் கிதரு எனக்குப் பிடிக்கலை. 'தூக்கியவன் நகரக் கூடாது'ன்னு எழுதியிருக்கான். தூக்கிவிட்டவன் அந்த ஆட்டம் முழுக்க நின்ன எடத்துலயே நிக்கணுமாம். ஏன்ப்பா அப்பிடி? … இல்ல, நேத்துச் சாயங்காலம் நானே ரெண்டு பக்கமும் ஆடிப் பாத்தேன். பத்துத் தடவை தூக்குனேன். எட்டுத் தடவை எந்திரிச்சவன் தப்பிச்சுட்டான், தூக்குனவன் விழுந்துட்டான். அப்பறம் எவன் தூக்குவான்? … ஹலோ? … கிதரு? … லைன்ல இருக்கியா?"

லைன் இருந்தது. மூட்டை இறக்குகிறவர்களின் குரல் கேட்டது. அதற்கு இந்தப் பக்கம் ஒருவன் மூச்சை அடக்கப் பார்த்து முடியாமல் திணறுவதும் கேட்டது. சகாயராணி கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கிதரு… ஒன்னை யாரு தூக்குனா? … அழுகாத. சொல்லு. குண்டு பட்டுக் கெடந்தியே, ஒன்னை யாரு தூக்குனா? … … அவனா. … ஆமா… ஆமா… சொல்லு, கேக்குறேன்… ஆத்து மேட்டுலயா… நீ எந்திரிச்ச. நொண்டிக்கிட்டே எறங்கிட்ட. அவன்? … நீ எறங்குற வரைக்கும் அங்கனயே நின்னு சுட்டுக்கிட்டு… நின்ன எடத்துலயே… மாதாவே… ஆங்? யாரு, எக்ஸ்சேஞ்சா? … ஆமாம்மா, ஆமா, இன்னொரு மூணு நிமிசம் குடுங்க! வெட்டிராதீங்க தாயி! … கிதரு! விழுந்தானா? கண்ணால பாத்தியா? … சுடுற சத்தம் நின்னுபோச்சா… சத்தத்தைப் பத்தி நான் கேக்கலை. விழுந்ததைப் பாத்தியா? … திரும்பிப் பாக்கலையா? ஏன் பாக்கலை? ஒனக்காக நின்னவன்டா ஏலே! ஒரு தடவை திரும்பிப் பாக்க ஒனக்குக் கழுத்து இல்லையா?"

பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையையும் அவள் இப்படி அதட்டியதில்லை. மறுமுனையில் இருப்பவன் உயிரோடு இருப்பது அந்த நிமிஷம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பயமாக இருந்தது.

"…என்னது? … அவனே சொன்னானா? 'திரும்பாமப் போடா'ன்னா? … … சரி. சரிப்பா. அவன் அப்பிடித்தான். … மன்னிப்பெல்லாம் கேக்காத. நான் வஞ்சதை மனசுல வைக்காத. பட்டாளத்துல என்ன சொல்றாங்க? … காணாமப் போனவங்க பட்டியல்லயா. செத்தவங்க பட்டியல்ல இல்லைல்ல? … இன்னொரு தடவை சொல்லு… ம். காணோம்னுதான் போட்டிருக்கு. அம்மாவுக்கு நீ ஒண்ணும் எழுதிராத, நான் சொல்லிக்கிறேன்."

எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூண்டின் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கிதரு, அந்தப் பெட்டி மூடி எங்க? … ஒம் பெட்டிதானா அது! ஆளுகளும் இருக்கா? … அவன் பேரு கீறுன ஆளு? … எப்பிடி வச்சிருக்க? நிக்கிறானா, படுத்திருக்கானா? … … நீயே படுக்க வச்சியா. … ம். பக்கத்துல யாரு நிக்கிறா? … யாருமே இல்லையா?"

கருவியை வாய்க்கு இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"அப்ப நான் சொல்றதைக் கேளு. இப்பவே போயி ஒன் ஆளை எடு… ஆமா, ஒன் பேரு கீறுனதைத்தான். எடுத்து அவன் பக்கத்துல கொண்டு போயி வை. ஒட்டி வை. வச்சுட்டுத் தாயக்கட்டைய உருட்டு… விழுகலைன்னா மறுபடி உருட்டு. … மூணு ஆட்டமா? அதை அடிச்சிரு. ரத்து! … நான் சொல்றேன், நான் மாத்துறேன். அவன் மட்டுந்தான் சட்டம் போடுவானா? தாயம் விழுகுற வரைக்கும் உருட்டணும். ஆனா நாலாவது சட்டம் அப்பிடியே இருக்கட்டும்… ஆமா. நீ அங்கனயே நிக்கணும், கேட்டியா? ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் முத பஸ்ஸுல வாரேன். அதுவரைக்கும் அவனைத் தனியா விட்டுட்டு… ஹலோ? கிதரு? … ஹலோ…"

நேரம் முடிந்து எக்ஸ்சேஞ்சில் வெட்டிவிட்டார்கள். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். கண்ணுசாமி வந்து கூண்டின் கதவை இரண்டு முறை தட்டினார். சகாயராணி கருவியைக் காதில் வைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.