புளியமரத்துக்குப் பூசிய வண்டிமை

அஸ்தம்பட்டிச் சுங்கச்சாவடியில் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற வெண்ணந்தூர்க்காரரின் வண்டி நகரும்போதெல்லாம் கிறீச்சிட்டது. ஓரமாக நின்ற எனக்குப் பல் கூசியது.

“ஏனுங்க, அச்சுக்கு மை போடறதில்லீங்களா?” என்றார் பின்வண்டிக்காரர்.

“மையெல்லாம் சாலைப் புளியமரத்துக்குப் பூசிட்டனுங்க.”

“மரத்துக்குங்களா?”

“கெளை அழுகி நோவு எறங்குதுங்க. அழுகினத வெட்டிட்டு, வெட்டின எடத்துல மை பூசினா மரம் பொழைச்சுக்குமுங்க.”

“அது சர்க்கார் மரமுங்களே!”

“நெழலு எம்மாட்டுக்குத்தானுங்க.”

“உங்க அச்சு தேஞ்சு போயிருமுங்க.”

“அச்சுப் போனா ஆசாரி நாளைக்கே வேற போட்டுருவாருங்க. மரம் போனா?”

பின்வண்டிக்காரர் தன் வண்டிக்கடியில் தொங்கிய மைக்குழாயை அவிழ்த்து நீட்டினார். “இந்தாங்க, மொதல்ல சக்கரத்துக்குப் போடுங்க.”

வெண்ணந்தூர்க்காரர் அதை வாங்கி, திறக்காமலே தன் வண்டியில் கட்டிக்கொண்டார்.

“இன்னும் ரெண்டு கெளை பாக்கி இருக்குதுங்க.”

சாவடி திறந்தது. வண்டி கத்திக்கொண்டே போனது.