கொடியில் காயும் முகமூடி

ஹலோ... ஹலோ, யாரு?... எவரார்டோவா? எங்கேயிருந்துய்யா பேசுற? இது என்ன புது நம்பர்?... போலீஸ் ஸ்டேஷனா! சோபாவை இறக்கி வெச்சிட்டு சாப்பாட்டுக்கு வந்துடறேன்னுதானே சான் ஹெரோனிமோ ஊருக்குப் போன?... ம்... ம்... சரி, மூச்சு விட்டுச் சொல்லு.

என்ன போஸ்டர்?... "இன்று திருவிழா மேடையில் சாம்பல் பிரபு"வா? சாம்பல் பிரபு நீதானேய்யா?... ஓஹோ. எவனோ உன் முகமூடி மாதிரியே தைச்சு மாட்டிக்கிட்டு, உன் பேர்ல மல்யுத்தம் பண்றான். சரி. அதுக்கு நீ?...

மேடையில ஏறிட்டியா? வெறும் மூஞ்சியோடயா?... ஆமா, உன் முகமூடி இங்கேதான் இருக்கு. துவைச்சு மாடிக் கொடியில போட்டிருக்கேன், என் பாவாடைக்குப் பக்கத்துல. இன்னும் ஈரம் சொட்டுது... அதை விடு, ஏறி என்ன சொன்ன? "நான்தான் நிஜ பிரபு"ன்னா?... நம்பினாங்களா?... ஹ! அடிச்சாங்களா? உன் ரசிகருங்களே உன்னை மொத்தி போலீஸ்ல ஒப்படைச்சிட்டாங்களா! இருபத்தி நாலு வருஷம் மேடையில உருண்டு நீ சம்பாதிச்ச பேரு இதுதான்.

சிரிக்காம வேற என்ன பண்ணச் சொல்ற?

அவன் எப்படி, நல்லா பண்றானா?... சும்மா சொல்லு... கயித்து மேல ஏறிக் குதிச்சானா? நீ அப்படிக் குதிச்சு ஏழு வருஷமாச்சு... தொப்பை?... தொப்பையே இல்லையா! பின்ன ஜனங்க அவனை நம்பாம உன்னையா நம்புவாங்க?... ஆட்டத்துக்கு முன்னாடி நீ ஊதற மாதிரி சாம்பலும் ஊதினானா? அதே மாதிரி வெள்ளி டப்பாவைத் திறந்து? பாவம், அவன் வீட்லயும் எவளோ ஒருத்தி அடுப்பைச் சுரண்டிக் குடுத்திருக்கா.

என்னது?... நான் அதிகாரிகிட்ட சொல்லணுமா? என் புருஷன்தான் நிஜ பிரபுன்னா?... யோவ், உனக்கு மூளை இருக்கா? டிசம்பர்ல அந்தக் கருந்தேள் முகமூடிக்காரனோட உனக்கு என்ன ஆட்டம்?... வாயைத் திறந்து சொல்லு... ஆங், முகமூடிக்கு முகமூடி. தோத்தவன் அத்தனை பேர் முன்னாடி முகத்தைக் காட்டி, சொந்தப் பேரைச் சொல்லணும். அதோட அவன் ஜென்மத்துக்கும் அதைப் போட முடியாது. இப்ப நீயே காட்டிட்டா, டிசம்பர்ல பந்தயத்துக்கு என்னத்த வைப்ப? அந்த மீசையையா? வாசல்ல பத்திரிகைக்காரன் கேமராவோட நிக்கிறான்னு வேற சொல்ற! நல்லவேளை, இதுவரைக்கும் ஒருத்தனும் உன்னை நம்பல. அதனால தப்பிச்ச.

காதலிக்கும்போது மூணு மாசம் எனக்கே மூஞ்சியைக் காட்டல நீ. காட்டினப்புறம்தான் ஏன் காட்டலன்னு புரிஞ்சுது. எங்கம்மா சாவுக்கும் முகமூடியோட வந்து நின்ன. துக்கத்துக்கு வந்ததுங்க எல்லாம் சவப்பெட்டியை விட்டுட்டு உங்கூட போட்டோ எடுக்க வரிசை கட்டுச்சு. நீயும் மேலங்கியை விரிச்சுக்கிட்டு நின்னியே... மறப்பேனா? அத்தனையும் நான் பொறுத்துக்கிட்டது, ஒரு போலீஸ் பெஞ்சுல உக்காந்து நீ உளறிக் கொட்டவா?... பேசாத. போனை அதிகாரிகிட்ட குடு... குடுய்யா!

ஐயா, வணக்கங்க... ஆமா ஆமா, என் வீட்டுக்காரர்தான்... யாரு? சாம்பல் பிரபுவா? இவரா?... ஐயா, சிரிப்பு மூட்டாதீங்க. இவரு சோபாவுக்குத் துணி மாத்துறவரு. மாடிப்படி ஏறறதுக்குள்ள நாலு தடவை நிப்பாரு... ஆமாங்க, திருவிழான்னு ரெண்டு கிளாஸ் உள்ள போயிருக்கும். போன தடவை நான்தான் பேராயர்னு சொல்லி, போற பஸ்ஸையெல்லாம் ஆசீர்வாதம் பண்ணாரு... அழறாரா? அழட்டும்... மன்னிப்பு கேட்டா விட்டுடுவீங்களா? அந்தப் பிரபுகிட்டயா? கேப்பாருங்க. முட்டி போட்டே கேப்பாரு.

ஓ... நீங்களும் பிரபு ரசிகரா?... பதினெட்டு வருஷமாவா!... எந்த ஆட்டம்?... கூரை ஒழுகினதா... ம்... தோள்பட்டை நழுவியும் பிரபு மேடையை விட்டு இறங்கலையா... ம்... மழையில நனைஞ்சுக்கிட்டே, ஒருத்தர்கூட எழுந்து போகலையா... ம்... எனக்கெங்க தெரியும் ஐயா, நான் அதெல்லாம் பாக்கிறதில்ல.

ஐயா... ஒரு உதவி. அந்த மழை ஆட்டத்தை இன்னொரு தடவை சொல்றீங்களா?... எனக்கில்ல. பெஞ்சுல உக்காந்திருக்காரே, அவருக்குக் கேக்கிற மாதிரி. கொஞ்சம் சத்தமா... நான் லைன்லயே இருக்கேன்.

...

ம்...

...

நீயா? கேட்டியா?... சரி, மூக்கைச் சிந்து. எனக்குத் தெரியாதுன்னு அவர்கிட்ட சொன்னேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன் தோளைப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய நின்னது நான்தான். அதனால சொல்றேன், டிசம்பர்ல தோத்துட்டு வந்தா வீட்டு வாசப்படியை மிதிச்சுடாத.

இப்ப போ. அந்த ஒல்லிப் பயகிட்ட ஒழுங்கா மன்னிப்பு கேளு... என்ன?... அதிகாரி படம் தர்றாரா? அந்தப் பய கையெழுத்துப் போட்டதா? உனக்கா!... வாங்கிக்கோ. நன்றி சொல்லிட்டு வாங்கிக்கோ. எழுத்து உன்னுதை விட நல்லாத்தான் இருக்கும்.

இருட்டறதுக்குள்ள வந்து சேரு... முகமூடி காயட்டும், எங்கேயும் ஓடிடாது... அடுப்புச் சாம்பலா? இன்னும் அள்ளல. எனக்கு வேற வேலை இல்லையா? வந்து உன் சாம்பலை நீயே அள்ளிக்கோ.

வை போனை.