என் வாசனை தெரிந்த பிள்ளை

கத்திவாக்கத்திலிருந்து இங்கே உங்கள் மையத்துக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், மேடம். என் தங்கை பிள்ளை துரைக்குக் கூட்டம் ஆகாது, அவனோடு வந்தால் ஆட்டோதான். இன்றைக்கு அவனை அப்பனிடம் விட்டுவிட்டு வந்ததால் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தேன்.

போன வாரம் உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்போதே கண் பரிசோதனை செய்தீர்களா என்று. என் தங்கை பவானி, "பாத்தோம் மேடம், நல்லாதான் கீதுன்னாங்களாம். நீலாக்காதான் இட்டுகினு போச்சு" என்று என்னைக் காட்டினாள். அதை அடித்துவிட்டு, நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

துரை ஏழாம் மாதத்திலேயே பிறந்தான். ஒரு கிலோ கூட இல்லை. பவானி வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த பிள்ளையை யாராவது வெறும் மார்போடு அணைத்துக்கொண்டே இருந்தால்தான் சூடு தங்கும் என்றார் நர்ஸ் பிலோமி. நான் உட்கார்ந்தேன். பிள்ளையில்லை என்று புருஷன் விட்டுப்போய், தங்கை வீட்டில் சோறு தின்றவள் நான். இறால் உரிக்கிற வேலையை அன்றே விட்டேன். என் நெஞ்சின்மேல் ஒரு உயிர் மூச்சு விட்டது, மேடம். அந்தச் சந்தோஷத்தை இதில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

ஒன்றரை மாதத்தில் கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்தார்கள். பவானியால் நடக்க முடியாததால் நான் தூக்கிப்போனேன். கண்ணுக்குள் ரத்தக் குழாய் தப்பாக வளர்கிறது, மூன்று நாளுக்குள் லேசர் வைக்காவிட்டால் பார்வை போய்விடும், அப்பாவை அழைத்துவந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்று காலையில் வீட்டுக்கு அனுப்பும்போதுதான் பிலோமி பவானியிடம், "கவலப்படாத, இன்னும் கொஞ்ச நாள்ல மூஞ்சி பாத்து சிரிப்பான், அம்மான்னு கண்டுக்குவான்" என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முகம் தெரிந்தால்தானே அம்மா. தெரியாவிட்டால் அவனுக்குத் தெரிந்தது என் வாசனை ஒன்றுதான்.

வீட்டு வாசலிலேயே பவானியின் புருஷன் தண்டபாணி, "இன்னா சொன்னாங்க, அண்ணி?" என்றான்.

"கண்ணு சோக்கா கீதாம். ஒன்னும் பேஜாரு இல்ல."

சீட்டை அடுப்பில் போட்டேன். மூன்று நாள் போனது. பிறகு நாலாவது நாளும் போனது.

பார்வை இல்லை என்று தெரிந்தபோது பவானி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான் வயித்துல வெச்சிகினு அந்த பவர் ஹவுஸ் சாம்பல் காத்துல சுத்திகினு இருந்தேன், என்னாலதான்க்கா" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இரண்டு வயதுக்குப் பிறகு துரை யாரையும் தொட விடவில்லை. தட்டைத் தரையில் சுற்றிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பான். பவானி தொட்டாலும் கடிப்பான், நான் தொட்டாலும் கடிப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் உங்கள் டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். குறைமாதத்தில் பிறந்து கண் நோய் வந்த பிள்ளைகளிடம் இது கொஞ்சம் அதிகமாகக் காணப்படுகிறதாம், ஆனால் கண் போனதால்தான் இது வந்தது என்று சொல்லிவிட முடியாதாம். எனக்குப் பாரம் இறங்கியது. அப்படியென்றால் அது நான் செய்ததல்ல. கண் மட்டும்தான் நான் செய்தது. அதனால்தான் தைரியமாகச் சொல்ல வந்தேன்.

எழுதிவிட்டீர்களா? நான் கிளம்ப வேண்டும். பவானிக்கு முந்தாநாள் மறுபடியும் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது, பெண் குழந்தை. "புள்ளய எங்கக்காவாண்டதான் குடுக்கணும், வேற யாராண்டயும் குடுக்காதீங்கோ" என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருக்கிறாள். இதற்கும் கண் சீட்டு கொடுப்பார்கள், நான்தான் கொண்டுபோவேன். கண்ணைப் பற்றி எனக்குக் கவலையில்லை, மேடம். இந்த ஆட்டிசம் மட்டும் வராமல் இருந்தால் போதும். இவளாவது என்னைத் தெரிந்துகொள்வாள்.