மந்திரமூர்த்தி அண்ணாச்சி வெட்டிய தாமிரபரணி

தலைமை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி சண்முகசுந்தரி அம்மாள் அவர்களே, இயந்திரவியல் துறையின் பழைய மாணவர்களே, பார்வையற்றோர் பள்ளியிலிருந்து வந்திருக்கும் சாலோமி டீச்சர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் வெங்கடசுப்பிரமணியன். இதே பாலிடெக்னிக்கில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். வகுப்பறையில் கரும்பலகையைப் பார்த்துப் பேசியே பழகியவன். இத்தனை முகங்களைப் பார்த்துப் பேசத் தெரியாது. மந்திரமூர்த்தி அண்ணாச்சி இருந்திருந்தால், "நீரு ஒண்ணும் பேசாண்டாம்வே, நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒலிபெருக்கியை வாங்கியிருப்பார். இன்று அதை யார் வாங்குவார்கள்?

பேராசிரியர் மந்திரமூர்த்தி அவர்கள் நல்லாசிரியர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மை. பட்டறைக்கு உயிர் கொடுத்தவர் என்றார்கள். அதுவும் உண்மை. நான் அவருடைய கடைசி வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கல்லூரியின் பழைய ஸ்டோர் அறையில் அவர் ஒரு மெஷின் செய்தார். கழித்துக் கட்டிய பிரிண்டர்களிலிருந்து மோட்டார்கள், நம் லேத்தில் அவரே கடைந்த திருகுகள், பழைய மேசையின் இரும்புக் கால்கள். கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் கட்டர் நகர்ந்து பலகையில் பள்ளம் வெட்டும். எதற்காகச் செய்தார்? பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பூகோளப் படம் வேண்டும் என்று சாலோமி டீச்சர் கேட்டார்கள், அதற்காகச் செய்தார். பலகையில் ஆற்றைப் பள்ளமாக வெட்டி, ஈரமான தடித்த தாளை அதில் அழுத்திக் காயவைத்து உரித்தால், ஆறு தாளில் மேடாக எழுந்து நிற்கும். பிள்ளைகள் விரலால் பொதிகையிலிருந்து கடல்வரை போகலாம்.

மெஷின் ஆயிற்று. கட்டர் எந்தப் பாதையில் போகவேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்? அதைத் தேர்ந்தெடுப்பதுதான் எங்கள் இருவருடைய மாலைப் பொழுதுகளாக இருந்தது. எல்லா மென்பொருளுக்கும் ஒரே பரீட்சை: தாமிரபரணி. முதலில் கட்டருக்குப் பதில் பேனா ரீஃபிலைக் கட்டி, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஓட்டுவோம். பிறகு மாமரப் பலகை. பலகையைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். சாலோமி டீச்சருக்கும் பார்வை இல்லை. அவர்கள் தாளை அழுத்தி எடுத்துத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

முதலில் பெங்களூரிலிருந்து வந்த, விலைக்கு விற்கும் மென்பொருளின் மாதிரிப் பிரதி. அற்புதமாக வெட்டியது! ஆனால் மாதிரிப் பிரதி அல்லவா, குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் பாதை தராது. டீச்சர் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "சார், ஆறு சேரமாதேவியோட நின்னுபோச்சு. மேக்கொண்டு நான் பஸ்ஸுல போவணுமா?" முழுப் பிரதியை வரவழைக்கலாம் என்றேன். அண்ணாச்சி மறுத்தார். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது என்பது அவர் கட்சி. "நாளைக்குத் தகராறு பண்ணுச்சின்னா யாருகிட்டவே போய் நிக்க?"

அடுத்தது, பத்திரிகையோடு வந்த ஃபிளாப்பியில் இருந்த இலவச மென்பொருள். அது ஆற்றைக் கடல்வரை கொண்டுபோயிற்று. ஆனால் சிறு சிறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டரைத் தூக்கித் தூக்கி வைத்தது. "இது ஆறு மாதிரி இல்ல சார், படித்துறையில இறங்குத மாதிரில்லா இருக்கு" என்றார்கள் டீச்சர்.

நான் இரண்டின் நிறைகுறைகளையும் அட்டவணை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி பொறுமை இழந்தார். "கூட்டிக் கழிச்சிக்கிட்டே இருந்தீர்னா ஆறு வத்திப் போயிரும்வே!" என்று எழுந்தவர், தாமே பேசிக் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். வளைவுகளுக்கான சூத்திரங்களை நான் கொடுத்தேன். எழுதி முடித்தார். ஓட்டினோம். என்ன சொல்வேன்! கட்டர் ஓர் இடத்திலும் தயங்கவில்லை. மேற்கே மலையடிவாரத்துப் பாபநாசத்திலிருந்து கிழக்கே கடலோரப் புன்னைக்காயல்வரை ஒரே இழுப்பு! இரண்டு கிழவர்களும் கைகுலுக்கிக்கொண்டோம்.

டீச்சர் தாளைத் தடவினார்கள். "வழவழன்னு ஓடுது சார்" என்றார்கள். பிறகு சிரித்துவிட்டார்கள். "ஆனா பாபநாசம் கிழக்க இருக்கு. புன்னைக்காயல் மலைமேல ஏறிட்டு. மீன்காரங்க பாவம்லா சார்!"

பலகையில் இருப்பது தாளில் இடம்வலம் மாறி வரும். முதல் இரண்டு மென்பொருளும் அச்சுப் பலகை என்று சொன்னதும் தாமாகவே படத்தைத் திருப்பிக்கொண்டன; எங்கள் நிரலுக்கு யார் சொல்வது? ஒருவர் வாழ்நாள் முழுவதும் வரைபடம் கற்பித்தவர், மற்றவர் வடிவக்கணிதம் கற்பித்தவர்! அண்ணாச்சி இருமல் வரும்வரை சிரித்தார். "படத்தத் திருப்ப ஒரு மைனஸ் குறிதான்வே. எங்க போடணும்னு நாளைக்குப் பாப்போம்" என்றார்.

மறுநாள் விடியலில் அவர் போய்விட்டார்.

இப்போதும் மாலையானால் கல்லூரிக்கு வருகிறேன். அந்த அறையின் கதவு வரை போகிறேன். உள்ளிருந்து யாரும் "என்னவே லேட்டு" என்று கேட்பதில்லை. திரும்பிவிடுகிறேன். வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு ஒரு மோட்டாரின் இரைச்சல் எவ்வளவு பெரிய துணை என்பதை இந்தச் சில வாரங்களில் தெரிந்துகொண்டேன்.

முதல்வர் அவர்கள் சற்றுமுன் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். அண்ணாச்சியின் மெஷினைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, முகப்பு மண்டபத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்த சாலோமி டீச்சர் மெல்லக் கேட்டார்கள்: "கண்ணாடிக்குள்ள வச்சா எங்க புள்ளைங்க எப்படி சார் தொடும்?"

ஐயா, எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: அந்தக் கேள்விக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? ஓடுவதற்காகச் செய்த மெஷின், ஐயா! அதை நிறுத்திவைத்து மாலை போடலாமா?

எந்த மென்பொருள் என்ற கேள்வி முடிவாகாமல் கிடக்கிறது. அதை இன்று நான் முடிக்கிறேன். பெங்களூர்ப் பிரதி வேண்டாம், ஃபிளாப்பியில் வந்ததும் வேண்டாம். அண்ணாச்சியின் நிரலையே தேர்ந்தெடுக்கிறேன். அதில் பிழை இருக்கிறது. ஆனால் அதன் ஒவ்வொரு வரியையும் நம்மால் படிக்க முடியும், படிக்க முடிந்ததைத் திருத்தவும் முடியும். சரிதானா என்று கேட்டுக்கொள்ள எனக்கு ஆளில்லை. அந்தக் கழித்தல் குறி எங்கே விழவேண்டும் என்பதும் இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. தவறான இடத்தில் போட்டால் ஒரு பலகை கெடும். கெடட்டும். இன்னொரு பலகை எடுப்பேன்.

சண்முகசுந்தரி அம்மாள் அவர்களே, பிள்ளைகளின் கைக்குச் சரியான ஆறு போய்ச் சேரும்வரை உங்கள் கணவரின் வேலையை நான் செய்வேன். இந்தச் சபையின் முன் இது என் உறுதிமொழி.

முதல்வர் அவர்களே, கண்ணாடிப் பெட்டி வேண்டாம். கூட்டம் முடிந்ததும் அந்த ஸ்டோர் அறையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். என்னோடு யாரும் வரவேண்டியதில்லை. கரண்ட் மட்டும் இருந்தால் போதும்.