இடது கைக் கையெழுத்து

எங்கள் வீட்டில் தங்கிய யாரும் பசியோடு படுத்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி டோரீனின் சமையலில் காரம் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. வயிறு நிறையவில்லை என்று சொன்னவர் கிடையாது.

கோடையில் எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு ஆட வரும் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கவைத்துக்கொள்வது அயோவாவில் வழக்கம். பெரிய லீக்குக்குப் போகக் காத்திருக்கும் சிறிய லீக் ஆட்டக்காரர்கள் அவர்கள்; அந்தச் சம்பளத்தில் அவர்களால் தனி வீடு பார்க்க முடியாது. எங்கள் மகன் அரிசோனாவுக்குப் போன பிறகு மாடியறை சும்மா கிடந்தது. அவன் கிறிஸ்துமஸுக்குக்கூடப் போன் செய்வதில்லை. அந்த அறைக்குத்தான் லிசாந்த்ரோ பிரித்தோ வந்தான். டொமினிக்கன் நாட்டுக்காரன், இருபது வயது, இடது கையால் பந்து வீசுபவன். பூட்டு உடைந்த பெட்டியை பெல்ட்டால் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டான் ஆர்லின், உங்க ஊர்ல எல்லாமே வெள்ளையா இருக்கே. ஆளும் வெள்ளை, கோழியும் வெள்ளை, உருளைக்கிழங்கும் வெள்ளை."

'டான்' என்பது அவர்கள் ஊரில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையாம். டோரீன் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாளே கடைக்குப் போய் மிளகாய்ச் சாறு நாலு விதம் வாங்கிவந்தாள்.

நீங்கள் பேஸ்பால் பார்ப்பதில்லை என்றீர்கள். அதனால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பண்ணை இயந்திரத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதை மூடினார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கணினி, அவ்வளவுதான். ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை இணையத்தில் வாங்கி இணையத்திலேயே விற்பேன். பழைய காலத்து அட்டைகள் இல்லை, இப்போது ஆடுகிறவர்களுடையவை. பெரிய லீக்கில் ஒருவன் காலடி வைக்கும் வருடத்தில் அச்சாவதுதான் ரூக்கி அட்டை. அதற்கு மதிப்பு அதிகம். அதற்கு முன்பே சிறிய லீக்கில் ஆடும்போது சிலருக்கு அட்டை வந்துவிடும். அதை வாங்குவது விதைநெல் வாங்குவது மாதிரி. நூற்றில் தொண்ணூறு முளைக்காது. வாங்கும்போது அந்தப் பெயர் யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது, விற்கும்போது எல்லார் வாயிலும் இருக்க வேண்டும். இதில் திருட்டு எதுவும் இல்லை. வரியும் கட்டியிருக்கிறேன்.

லிசாந்த்ரோ பந்து வீசுவதை இரண்டு ஆட்டம் பார்த்தேன். உதிரிபாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று இருபத்தாறு வருடம் பார்த்த கண் எனக்கு. அவனிடம் விரிசல் இல்லை. அவனுடைய அட்டை அப்போது ஒரு கோப்பை காபி விலைக்குக் கிடைத்தது. கிடைத்ததையெல்லாம் வாங்கினேன்.

அவனிடம் மறைக்கவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்துவிட்டு அடுக்கிவைப்பேன். நீலப் பேனாவால் கையெழுத்துப் போடுவான். ஒவ்வொன்றிலும் தன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான்.

"இதுக்கு மேல எழுதினா நாளைக்குப் பந்து வீச கை இருக்காது, டான் ஆர்லின்."

"அப்ப மிச்சத்தை நாளைக்கு எழுது."

"பிள்ளைய விடேன் ஆர்லின்," என்பாள் டோரீன். ஆனால் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேசை எங்களுக்கு அபூர்வமாகியிருந்தது.

அடுத்த வருடம் அவனை மேல்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வாரம் தவறாமல் போன் செய்வான். பத்திரிகைகளில் பெயர் வர ஆரம்பித்தது. அட்டையின் விலையும் ஏறியது. நான் விற்கவில்லை. பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வரும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

ஜூலையில் ஒரு நாள் அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"முழங்கை உள்பக்கம் சுடுது. பல்லு தேய்க்கக்கூட முடியல. டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உங்ககிட்டதான் முதல்ல."

"சொன்னா உட்கார வெச்சிடுவாங்கப்பா. உனக்குப் பின்னாடி எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்கான்னு உனக்கே தெரியும். உங்க அம்மாவுக்கு வீடு கட்டித் தரேன்னு சொன்னியே, என்ன ஆச்சு?"



"அப்ப சொல்ல வேணாமா?"

"நான் உனக்கு எப்பவாவது கெட்டது சொல்லியிருக்கேனா?"

"இல்ல," என்றான். அதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஆகஸ்டில் அழைப்பு வந்தது. முதல் ஆட்டத்தில் அவன் வீசியதை நாடே பார்த்தது. டோரீன் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டே அழுதாள். நான் நிலவறைக்கு இறங்கிப்போய் என்னிடமிருந்த எல்லாவற்றையும் விற்பனைக்கு ஏற்றினேன். மூன்றாவது ஆட்டத்தின்போது என் கையில் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த ஆட்டத்தில்தான் அவன் ஒரு பந்தை வீசிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே மைதானத்தை விட்டு வெளியேறினான். தசைநார் அறுந்துவிட்டது. முன்கூட்டியே ஓய்வு கொடுத்திருந்தால் அறுந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாக டோரீன் சொன்னாள். டாக்டர்கள் எதையும் முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.

அறுவைச் சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. ஒன்றரை வருடத்தில் திரும்ப ஆடலாம், நம்பிக்கை இருக்கிறது என்றார்கள். ஜனவரியில் ஃப்ளோரிடா முகாமில் பயிற்சி தொடங்கும் என்றும், அதுவரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். இந்தக் கையோடு அம்மா முன்னால் போய் நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தான். டோரீன் அவனுக்கு இறைச்சியை வெட்டிக் கொடுப்பாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவாள். மாத்திரைகள் என் பொறுப்பில் இருந்தன. வலி மாத்திரையில் பையன்கள் சிக்கிக்கொள்கிறார்கள், எண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்று டோரீன்தான் என்னிடம் ஒப்படைத்தாள்.

அவனுடைய ரூக்கி அட்டை அந்தச் சமயத்தில்தான் வெளிவந்தது. முதல் ஆட்டத்தில் காலைத் தூக்கிக் கையைப் பின்னால் இழுத்து நிற்கும் படம். நல்ல படம். வாங்கத்தான் ஆள் இல்லை. கை அறுந்தவனின் அட்டைக்கு ஒன்றரை வருடம் காத்திருக்க இந்தத் தொழிலில் யாருக்கும் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது.

ஆனால் எனக்கு ஒன்று நினைவிருந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு இளம் ஆட்டக்காரர் மூளைக் காய்ச்சலில் இறந்துபோனார். காலையில் சீந்துவாரில்லாமல் கிடந்த அவருடைய ரூக்கி அட்டை, மாலைக்குள் ஒரு வாரக் கூலிக்கு விற்றது. கையெழுத்துப் போட்டதாக இருந்தால் அதற்கும் பல மடங்கு. இனி அவர் கையெழுத்துப் போட முடியாது என்பதுதான் காரணம். துக்கப்படுகிறவர்கள் பேரம் பேசுவதில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சந்தையில் நடந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் முழுக்க வாங்கினேன். பார்சல்கள் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தன. எனக்கு முழங்கால் வலி என்பதால் அவன்தான் வலது கையால் தூக்கி உள்ளே கொண்டுவருவான். ஒரு நாள் ஒரு பெட்டி வழியில் கிழிந்திருந்தது. உள்ளே தன்னுடைய முகம் அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்துவிட்டான். நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னைய யாரு இன்னும் வாங்குறாங்கன்னு பாத்தா, நீங்களா?"

நான் கிழிந்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஊர்ல என் அண்ணன்கூட இனிமே அவ்வளவுதான்னு சொல்லிட்டான். நீங்க இவ்வளவு வாங்கி வெச்சிருக்கீங்க." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் திரும்பி வருவேன்னு நம்புறீங்கல்ல, டான் ஆர்லின்?"

"நம்பாம வாங்குவேனா?" என்றேன்.

அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். கட்டுப்போட்ட முழங்கை என் விலாவில் இடித்தது. பிறகு அவனாகவே பேனாவைக் கேட்டான். நான் கேட்கவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்துப் போட்டான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் முடித்தான். விரலுக்குப் பயிற்சியாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னான்.

மருத்துவமனை கொடுத்த மாத்திரைகள் தீர்ந்தபோது அவன் தூக்கமில்லாமல் இருந்தான். வியர்க்கும், கால் நடுங்கும். டோரீன் டாக்டரைக் கூப்பிடலாம் என்றாள். நான் கூப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன். நெடுஞ்சாலைப் பக்கம் பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஒருவன் நிற்பான், தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவரின் மகன். அவனிடம் வாங்கினேன்.

"பெருசு, இது மருந்துக்கடை மாத்திரை இல்ல, பாத்துக்க. பாதிக்கு மேல குடுத்தா ஆள் எந்திரிக்க மாட்டான்," என்றான். அவனை ஒன்றும் செய்யாதீர்கள். அவன் என்னிடம் உண்மையைத்தான் சொன்னான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டோரீனை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். அவளுக்குப் போகவே மனமில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, காரைத் துடைத்து, பெட்ரோலும் போட்டுக் கொடுத்தேன். மதியம் லிசாந்த்ரோவுக்கு சூப் சூடாக்கிக் கொடுத்தேன். மிளகாய்ச் சாற்றை அவனே ஊற்றிக்கொண்டான். பிறகு இரண்டு மாத்திரை கொடுத்தேன், முழுசாக.

"புதுசா இருக்கே?"

"டாக்டர் மாத்தியிருக்கார். நல்லாத் தூங்குவே."

"கிராசியாஸ், டான் ஆர்லின்," என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டான். அவர்கள் மொழியில் நன்றி.

சோபாவில் படுத்தான். போர்வையை நான்தான் போர்த்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒரு மாதிரி இழுத்து இழுத்து வந்தது. தீயணைப்பு நிலையம் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. மாத்திரை அளவு மீறியவர்களை எழுப்பும் மருந்தை அங்கே வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் நிலவறைக்குப் போய் அட்டைகளைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். பகல் வெளிச்சம் போய்விட்டால் மூலைகள் படத்தில் சரியாகத் தெரியாது. மேலே வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவன் வலியில் இல்லை. முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அது தெரிந்திருக்கும்.

பையன் ரகசியமாக மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த மாதிரிக் கதைகள் எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. நீங்களும் நம்பினீர்கள். செய்தி வெளிவந்த அன்றே அட்டைகள் போக ஆரம்பித்தன. கடைசி மாதங்களில் போட்ட நடுங்கின கையெழுத்து என்பதால் அவற்றுக்கு இன்னும் கிராக்கி. சிலர் பணத்தோடு ஆறுதல் செய்தியும் அனுப்பினார்கள். எல்லாருக்கும் பதில் எழுதினேன்.

டோரீன் நிலவறைக்கு வருவதே இல்லை. அன்றைக்கு அவனுடைய சட்டைகளை வைக்க ஒரு காலிப் பெட்டி தேடி இறங்கி வந்தாள். நான் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். அட்டை ஒன்றை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எப்ப வாங்கினே?"

"அக்டோபர்ல."

"அவன் உயிரோட இருக்கும்போதே இத்தனையா? எதுக்கு?"

"உயிரோட இருக்கும்போதுதான் மலிவு, டோரீன்."

நான் பொய் சொல்லியிருக்கலாம். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணிடம் எதற்குப் பொய் என்று தோன்றியது. அவள் அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கார் கிளம்பும் சத்தம்தான் கேட்டது. தங்கை வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆக, நான்தான் அவனைக் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று காட்டுங்கள், போடுகிறேன்.

மனசு உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் நானில்லை. அடக்கம் முடிந்து அவனுடைய அம்மா அல்தாகிராசியா அவர்கள் ஊரான சான் பெத்ரோவிலிருந்து போன் செய்தாள். ஆங்கிலம் தெரிந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மகனை இரண்டு வருடம் பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொண்டதற்கு எனக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வாளாம். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட அவன் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். அங்கே கடைகளில் கிடைக்கவில்லையாம், கிடைத்தாலும் இப்போதைய விலைக்கு அவர்களால் வாங்க முடியாதாம்.

தேடிப் பார்த்தேன். மை இழுத்துப்போய், மூலையும் மடங்கிய ஒன்று இருந்தது, யாரும் வாங்க மாட்டார்கள். அதை நல்ல உறையில் போட்டு அன்றைக்கே அனுப்பினேன். வெளிநாட்டுத் தபால், எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதைக்கூட நான் அவளிடம் கேட்கவில்லை.